போட்டுக்கிற நகை

பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழுதது மூன்று ரக்அத்தா, நான்கா என்று மைமூனாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சலாம் கொடுத்து முடித்து, தொழுகை விரிப்பான முசல்லாவின் ஓரத்தை மடக்கிவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற பிறகு வந்த சந்தேகம். அறுபதைத் தொடப்போகிற வயதில், இருபத்தெட்டாவது நோன்பின் மாலையில், விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாத நாக்கோடு நிற்கிறவளுக்கு இப்படி ஒரு தடுமாற்றம் வருவது பெரிய குற்றமில்லை. ஆனால் நோன்பின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க அவளுக்கு மனசு வரவில்லை. வளையல்தான் காரணம். கையைக் கட்டினால் ஒரு சத்தம், குனிந்தால் ஒரு சத்தம், நெற்றியைத் தரையில் வைத்தால் கழுத்து ஆரம் சரிந்து மூக்குக்கு முன்னால் வந்து விழுகிறது. இரண்டாவது ரக்அத்தில் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டது நினைவிருக்கிறது. மூன்றாவதிலும் தள்ளினாளா, அல்லது இரண்டாவதிலேயே இரண்டு தடவை தள்ளினாளா? இப்படிச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று பிறந்த ஊரான கம்பத்தில் அவளைப் பெற்ற அத்தா ஒரு விதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகி வந்த பிறகு, கீழக்கரைக்காரரான அவள் வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொன்னார், அவருடைய மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டவழி, வேறு. இரண்டு பேரும் மவுத்தாகிவிட்டார்கள். இனி யாரைப் போய்க் கேட்பது? மறுபடியும் தொழுதுவிடலாம்தான். மறுபடி தொழுதாலும் வளையல் கையில்தானே இருக்கும். நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு வரைக்கும் கழற்றக் கூடாது என்று வைத்திருக்கிறாள். யாரும் விதித்த விதி இல்லை, அவளே வைத்துக்கொண்டது. முசல்லாவைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மதராஸின் அந்த மண்ணடி வீட்டில், மூன்றாம் மாடியில், இன்றைக்கு அவளைத் தவிர ஒருவரும் இல்லை. மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். மருமகள் ஷிஃபானா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேற்றே தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் மைமூனா இதைச் செய்வாள். ரமலானில் ஒரு நாள், அஸரிலிருந்து மஃரிப் வரைக்கும், பேங்க் லாக்கரிலிருந்து கொண்டுவந்த நகை அத்தனையையும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஆரம், காசுமாலை, நெக்லஸ் மூன்று, கைக்கு எட்டாக வளையல், மோதிரங்கள். அழகு பார்ப்பதற்கு இல்லை. கண்ணாடிப் பக்கமே போகமாட்டாள், வெட்கமாக இருக்கும். கல்யாணமான முதல் ரமலானில் அவள் வீட்டுக்காரரிடம் கேட்டாள், எங்க வீட்டுல அம்மா வருஷா வருஷம் நகைக்கு நாப்பதுல ஒண்ணு ஏழைங்களுக்கு ஜகாத் குடுக்கும், நாம குடுக்க வேணாமா என்று. அவர் சிரித்தார். "போட்டுக்கிற நகைக்கு நம்ம மத்ஹபுல ஜகாத்து இல்ல புள்ள. நீங்க ஹனபி, அங்க உண்டு. நாங்க ஷாபி, எங்களுக்கு இல்ல. இங்க வந்துட்டா இங்க உள்ளபடிதான்" என்றார். லாக்கரில் கிடக்கிறதே, அது போட்டுக்கிற நகையா என்று கேட்டதற்கு, போட்டுக்கிறதுக்காகத்தானே கெடக்கு என்று முடித்துவிட்டார். அவர் அப்படி ஒன்றும் கருமி இல்லை. கடைக்கு, சரக்குக்கு, கையிருப்புக்கு, நாற்பதில் ஒரு பங்கை ஒரு பைசா குறையாமல் எடுத்து வைக்கிற மனுஷன். நகை விஷயத்தில்தான் இந்தப் பேச்சு. மைமூனாவுக்கோ மனசு கேட்கவில்லை. போட்டுக்கிற நகை என்றால் போட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? கல்யாணத்துக்குப் பிறகு கழுத்தைப் பார்க்காத காசுமாலையைப் போட்டுக்கிற நகை என்று எந்த வாயால் சொல்வது? அதனால் அவளாக யோசித்து, யாரிடமும் கேட்காமல், வருஷத்துக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அல்லாவிடமே இப்படி ஒரு சாமர்த்தியம் காட்டுகிறோமே என்று முதல் இரண்டு வருஷம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அது ஒரு வணக்கம், இபாதத் மாதிரியே ஆகிவிட்டது, செய்யாவிட்டால்தான் குற்றம் என்பதுபோல.

தர்பூசணியை அறுக்கும்போது சாறு வளையலுக்குள் வழிந்தது. துடைத்தாள். இன்றைக்கு இரண்டு பேருக்கு நோன்பு திறக்க ஏற்பாடு. கடல்பாசி காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று, கீமா சமோசா மடித்தாயிற்று, எண்ணெய் காய வேண்டியதுதான் பாக்கி. பல்கீஸுக்குக் கீமா சமோசா என்றால் உயிர். பல்கீஸ் சித்தப்பா மகள், இவளைவிட ஆறு வயது இளையவள். போன வாரம் வந்திருந்தாள், ஷிஃபானாவின் பிள்ளைகளுக்குத் தைத்த நைட்டியைக் கொடுக்க. கொடுத்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ராயபுரத்துல ஒரு அம்மா ஓவர்லாக் மெஷின் விக்கிறாங்கக்கா. மோட்டாரோட. நல்ல மெஷினு. பெருநா வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்னு சொல்லிருக்காங்க." அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின் அது. அது இல்லாததால், தைத்த நைட்டியை எல்லாம் இன்னொருத்தியிடம் கொண்டுபோய் ஓரம் அடித்து வாங்க வேண்டும், கூலியில் பாதி அங்கேயே போய்விடும். அது இருந்தால் கடைக்காரர்களிடம் நேராகத் துணி வாங்கி முழுசாகத் தைத்துக் கொடுக்கலாம். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரையில் ஒரு காலை எடுத்தாகிவிட்டது. மைமூனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பல்கீஸ் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் வாய் திறந்தது. "இருபத்தெட்டாம் நோன்புக்கு வா பல்கீஸு. இங்கயே நோன்பு தொற." பல்கீஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை மைமூனாவால் இந்த ஏழு நாளும் மறக்க முடியவில்லை. வா என்று சொன்னது கொடுப்பதற்கா, அல்லது தீர்மானிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுவதற்கா? இப்போது கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு வளையல் போதும். ஒரு கையின் எட்டில் ஒன்று, ஒற்றை வளையல். மெஷினும் வந்து மிச்சமும் வரும். கழற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் என்னவென்று சொல்லிக் கழற்றுவது? ஜகாத் என்றால், இந்த நகைக்கு ஜகாத் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிறது. இந்த வருஷம் உண்டென்றால் போன வருஷம்? அதற்கு முந்தின வருஷம்? முப்பத்தைந்து வருஷத்துக்கும் நாற்பதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று எடுத்தால்… இந்த இடத்தில் அவள் எப்போதும் நிறுத்திவிடுவாள். கணக்கை முடித்ததே இல்லை. முடித்தால் காசுமாலை போகும், ஆரம் போகும், கழுத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று ஒரு பயம். சரி, ஜகாத் வேண்டாம், சும்மா அன்பளிப்பாகக் கொடு. கொடுக்கலாம். அப்போது கடமை தீராது, அது பாட்டுக்குத் தலைமேல் நிற்கும், நகையும் குறையும். இரண்டு பக்கமும் நஷ்டம் என்று யோசிக்கிற மனசைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக வந்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, ஏன் வைத்தோம், பாங்குக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே என்று அணைத்தாள். நகை யாருடையது? கல்யாணத்துக்கு அத்தா போட்டது பாதி, வீட்டுக்காரர் போட்டது பாதி. அவர் இருந்தவரை, அவர் கொடுக்கிற ஜகாத்தில் நம்முடையதும் அடங்கிவிடும் என்று ஒரு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்தாம் நோன்பன்று பெண்களுக்கான மார்க்கச் சொற்பொழிவில், பயானில், மார்க்கம் படித்த ஆலிமா ஒருத்தி, முகத்தில் இன்னும் பருகூட மாறாத சின்னப் பெண், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நகை எந்தப் பொண்ணோடதோ, ஜகாத்தும் அந்தப் பொண்ணோட பொறுப்பு. புருஷன் குடுத்தாரு, மகன் குடுத்தான்னு நாளைக்கு மறுமையில சொல்ல முடியாது." பயான் முடிந்ததும் மைமூனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாள். ஹனபியா பொறந்து, ஷாபி வீட்டுல வாழ்ந்து, இப்ப அவரும் போய்ட்டாரும்மா, நான் இப்ப எதுல சேத்தி என்று கேட்டாள். ஆலிமாவுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். "ஒங்க மனசுக்கு எதுல நிம்மதியோ அதச் செய்ங்க மாமி." நிம்மதி! நிம்மதி இருந்தால் நான் ஏன் உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பல்கீஸ் இல்லை, இந்த நேரத்துக்கு அவள் வரமாட்டாள். ஆறு மணிக்கு மேல்தான் வருவாள், வீட்டுக்காரருக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு வரவேண்டும். இது வரிசை. இருபத்தேழிலிருந்து பெருநாள் வரைக்கும் ஏழைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெருத் தெருவாக வருவார்கள், மாடி மாடியாக ஏறுவார்கள். எந்த வீட்டில் கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மைமூனா தலைமுக்காட்டை இழுத்துக் கழுத்தை மறைத்துக்கொண்டு, கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே ஒரு சாண் திறந்தாள். இத்தனை நகையோடு, தனியாக இருக்கிற வீட்டில், கதவை விரியத் திறக்க முடியுமா? கதவோரம் இருக்கிற கட்டைப் பையிலிருந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து இடுக்கு வழியே நீட்டினாள். வலது கை வளையல்களை எல்லாம் முழங்கை வரை தள்ளி முக்காட்டுக்குள் சொருகிக்கொண்டாள். ஒரு கை வாங்கியது. இன்னொரு கை வாங்கியது. கைகளைத்தான் பார்த்தாள், அதுவும் முழுசாக இல்லை. வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அத்தாவிடம் படித்தது. அத்தா ஏலக்காய்க் கடையில் கொடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுப்பார். பார்த்துட்டா அவங்க நாளைக்கு நம்மளத் தெருவுல பாக்கும்போது தலையக் குனிவாங்க, அந்தப் பாவம் நமக்கு எதுக்கு என்பார். கறுப்பு புர்கா கைகள். மருதாணி வைத்த கை ஒன்று. வயசான கை ஒன்று நடுங்கியது. துஆ செய்ங்க, துஆ செய்ங்க என்று மைமூனா ஒவ்வொரு கைக்கும் சொன்னாள். நல்லா இருங்க மாமி, பரக்கத்தா இருங்கக்கா, அல்லா ஒங்க புள்ளைகளுக்கு ஹயாத்தக் குடுப்பான் என்று இடுக்கு வழியாகக் குரல்கள் உள்ளே வந்தன. காலடிகள் இறங்கிப் போயின. கதவைச் சாத்தினாள். பையில் இன்னும் ஏழெட்டுச் சேலை இருந்தது.

இந்தச் சேலைகளைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் இருப்பாள். ஆனாலும் பையைப் பார்த்தால் நினைப்பு வந்துவிடும். ஷிஃபானாவும் அவளும் போய் மொத்தமாக எடுத்துவந்தது. கடையில் ஜகாத் சேலை என்று சொன்னாலே போதும், கடைக்காரப் பையன் இந்த அலமாரியை விட்டுவிட்டு உள்ளே வேறு அலமாரிக்குப் போவான். கொடுப்பதற்கென்றே வருகிற சேலை. ஒரு தடவை சும்மா ஒன்றைப் பிரித்து உடம்பில் வைத்துப் பார்த்தாள். முந்தானை முழங்கைக்குக் கீழே எட்டவில்லை, நூல் விரலுக்குள் நுழைந்தது. திரும்ப மடிக்கத் தெரியாமல் அப்படியே சுருட்டிப் பைக்குள் திணித்தாள். அதை யாரோ ஒருத்தி பெருநாளைக்குக் கட்டியிருப்பாள். சரி, சும்மா இருப்பதற்கு இது தேவலைதானே? தேவலை. ஊரெல்லாம் அதைத்தானே கொடுக்கிறார்கள்? கொடுக்கிறார்கள். அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றுமில்லை. பல்கீஸ் வருவாள். அவளுக்கு இந்தச் சேலை இல்லை, அவள் வேறு, அவள் சொந்தம். சித்தப்பாவுக்கும் அத்தாவுக்கும் ஒரே கடை, ஒரே பங்கு. ஒரு வருஷம் ஏலக்காய் விலை படுத்தபோது அத்தா சரக்கை முன்னமே தள்ளிவிட்டிருந்தார், சித்தப்பா விலை ஏறும் என்று வைத்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். பல்கீஸும் கல்யாணத்தில் நகையோடு வந்தவள்தான். மாமியார் சீக்குக்கு ஒன்று, ஆட்டோவுக்கு ஒன்று, காலுக்கு மிச்சம் என்று காதில் பொட்டுத் தோடோடு நிற்கிறாள். எனக்கும் அப்படி ஆகாதென்று யார் கண்டது? இந்த வீடு மகன் பேரில் இருக்கிறது. ஷிஃபானா நல்ல பெண், ஆனால் நாளைக்கு நான் படுத்துவிட்டால்? நகை இருக்கிறவரைக்கும் மாமி, மாமி என்று சுற்றி வருவார்கள். நகைதான் எனக்கு மிஞ்சிய ஆள். இப்படி நினைத்ததும் மைமூனாவுக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது, தனக்காகவா பல்கீஸுக்காகவா என்று பிரிக்க முடியாத துக்கம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொடுத்துவிட வேண்டியதுதான். இன்றைக்கே. அவள் நோன்பு திறந்து, தொழுது, சமோசா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, கைக்குட்டையில் சுற்றி அவள் பைக்குள் போட்டுவிட வேண்டும். என்ன சொல்லிப் போடுவது? ஜகாத் என்று சொல்லத் தேவையில்லை, கொடுக்கிறவள் மனசுக்குள் அந்த எண்ணத்தை, நிய்யத்தை வைத்தால் போதும் என்று அத்தாவும் சொல்வார், வீட்டுக்காரரும் சொல்வார், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மத்ஹபும் ஒன்று. பெருநாக் காசுன்னு வச்சுக்க என்று சொல்லலாம். அது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது. அத்தா ஒனக்குன்னு வச்சிருந்தது, இப்பத்தான் பெட்டியில கெடைச்சுதுன்னு சொல்லலாம். நோன்பு வாயோடு பொய்யா? நோன்பு திறந்த பிறகுதானே சொல்லப்போகிறோம். திறந்த பிறகு சொன்னாலும் பொய் பொய்தானே. பேசாமல் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? பல்கீஸு, எனக்கு மிஞ்சிக் கெடக்கு, ஒனக்கு இல்ல, இது ஒன்னோடது. ஆமாம், அவளோடது என்றுதானே மார்க்கம் சொல்கிறது. பணக்காரரின் சொத்தில் ஏழைக்குப் பங்கு இருக்கிறது என்றால், நான் கொடுப்பது எங்கே, வைத்துக்கொண்டிருந்ததைத் திருப்புவதல்லவா அது? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு சட்டென்று லேசானது. எட்டில் எந்த வளையல் என்று பார்த்தாள். கொடி வேலை செய்தது நல்ல கனம். அத்தா போட்டது. அது வேண்டாம். பட்டை வளையல்? அது ஜோடி, ஜோடியைப் பிரிக்கக் கூடாது. நெளிந்து கிடக்கிறதே, அந்த ஓர வளையல், அதைக் கொடுக்கலாம், எப்படியும் அழித்துச் செய்ய வேண்டியது. அந்த வளையலைத் தொட்டபடியே நின்றாள். உள்ளே வேறு அலமாரிக்குப் போன கடைக்காரப் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சரி, கொடி வளையலையே கொடு. கொடுப்பேன். கொடுக்கத்தான் போகிறேன். அவள் வரட்டும். பரக்கத்தா இருங்கக்கா என்று மனசார வாழ்த்துவாள்.

அக்கா.

இங்கே அவளை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் யார்? இந்தக் கட்டடத்தில் மாமி, தெருவில் லாத்தா, கடைப் பையன்களுக்கு உம்மா. வரிசையில் வருகிற பெண்கள் முப்பது வருஷமாக மாமி என்றுதான் சொல்கிறார்கள். நல்லா இருங்க மாமி என்று ஒரு குரல். அல்லா ஹயாத்தக் குடுப்பான் என்று ஒரு குரல். நடுவில் ஒரு குரல், பரக்கத்தா இருங்கக்கா. தாழ்ந்த குரல், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாதென்பதுபோல. இல்லை, மணி என்ன? சுவர்க் கடிகாரத்தில் ஆறேகால். அந்தக் கைகள் எப்போது வந்தன? ஐந்தரைக்கா? ஆறுக்கா? எண்ணெய் அடுப்பை அணைத்த பிறகு. அடுப்பை எப்போது அணைத்தோம்? பால்கனிக்கு ஓடினாள், கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கீழே தெரு நிறைய ஆள். பழ வண்டி, சமோசாக் கடை, பள்ளிவாசலுக்கு வெளியே கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு ஒரு வரிசை. புர்கா போட்டவர்கள் முப்பது நாற்பது பேர், மேலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒருத்திதான். சிலரின் கக்கத்தில் பாலித்தீன் உறையோடு சேலை மினுங்கியது. கத்திக் கூப்பிடலாம். கூப்பிட்டால் தெருவே அண்ணாந்து பார்க்கும், மூன்றாம் மாடியில் நகைக்கடை பொம்மை மாதிரி ஒரு கிழவி. உள்ளே வந்துவிட்டாள். அவளாக இருக்காது. வேறு யாரோ கம்பத்துப் பக்கத்து ஆள், தேனிப் பக்கத்து ஆள், அக்கா என்று சொல்ல வேறு ஆளா இல்லை மதராஸில்? அவளாக இருந்தால் நான்தான்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? சொல்லியிருப்பாள். சொல்வாளா? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மெஷின் பேச்சை எடுத்தவள் சொல்வாளா? போன் போடலாம். அவளாக இல்லையென்றால் எங்கம்மா வந்துட்டிருக்க என்று கேட்டுவிட்டு வைத்துவிடலாம். அவளாக இருந்தால்? ஆள் தெரியல பல்கீஸு, வேற யாரோன்னு நெனச்சிட்டேன். அது சத்தியமான உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு என்ன அர்த்தம்? வேற யாரோ என்றால் அந்தச் சேலை போதும், அந்த ஒரு சாண் கதவு போதும் என்றல்லவா அர்த்தம்? வேற யாரோ ஒருத்திக்கும் வீட்டில் காலெடுத்த புருஷன் இருப்பான். மணி ஆறு இருபத்தைந்து. தட்டில் பேரீச்சம்பழம் எடுத்து வைத்தாள். இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். சமோசாவைப் பொரிக்கவே இல்லை. பல்கீஸ் வரவில்லை. பள்ளிவாசலில் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டபோது போனை எடுத்தாள்.

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் பல்கீஸ். பின்னால் தெருச் சத்தம்.

"சொல்லுங்கக்கா."

"எங்கடி இருக்க? நோன்பு தொறக்க வரல?"

"கீழதான்க்கா, பள்ளியாசல்ட்ட. அவருக்குக் கஞ்சி வாங்க நிக்கிறேன். வாங்கிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வந்தேன்க்கா. அப்பவே வந்தேன். இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு, ஒங்களுக்கு அடுப்படியில கூட மாட இருக்கலாமேன்னு."

மைமூனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மாடிப் படியில நெறய பேரு நின்னாங்க. நானும் நின்னேன். நீங்க கதவத் தொறந்து நீட்டுனீங்க. வாங்கிக்கிட்டேன்."

"பல்கீஸு, நான் பாக்கல. சத்தியமா பாக்கல. மொகத்தப் பாக்கக் கூடாதுன்னுதான்…"

"தெரியும்க்கா. பெரியத்தாவும் அப்படித்தானே."

"நான்தான்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானடி?"

"எப்படிக்கா சொல்றது? எனக்குப் பின்னாடி மூணு பேரு நிக்கிறாங்க. நான் மட்டும் உள்ள வந்துட்டா, அவங்க என்னா நெனைப்பாங்க?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மைமூனா பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பாங்கு ஆரம்பித்துவிட்டது. போனுக்குள் ஒன்று, பால்கனி வழியாக ஒன்று என்று இரண்டாகக் கேட்டது.

"பாங்கு சொல்லிட்டாங்க, மொதல்ல நோன்பு தொறங்கக்கா."

"நீ மேல வா. இப்பவே வா. ஒனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன். அந்த மெஷினுக்கு."

போனில் வெறும் தெருச் சத்தம். தூக்குவாளிகள் இடிபடுவது கேட்டது. யாரோ தள்ளி நில்லும்மா என்றார்கள்.

"வேணாம்க்கா," என்றாள் பல்கீஸ். "படியில அவங்க பேசிக்கிட்டாங்க. ஒரு வீட்டுல ஒரு தடவதான் வாங்கணுமாம். ரெண்டாவது தடவ போனா அது இன்னொருத்தரு பங்காம். நான் இன்னிக்குத்தான மொதத் தடவ வாங்குறேன், எனக்கு இதெல்லாம் தெரியாது. அவங்க சொல்றதுதான் நாயம்னு படுது."

எந்தக் கிதாபில் இருக்கிறது இது? எந்த மத்ஹபில்? படியில் நிற்கிற பெண்கள் அவர்களாகப் பேசி வைத்துக்கொண்ட விதி. அதை மீறப் பல்கீஸுக்கு மனசில்லை. எட்டு எட்டு வளையலோடு நடு வீட்டில் நின்றுகொண்டு, முப்பத்தைந்து வருஷமாக மார்க்கத்தில் சந்து தேடிப் பழகிய மனசு பரபரவென்று தேடியது. தேடியது, முதல் தடவையாக, கொடுப்பதற்கு ஒரு சந்து.

"என் வீட்டுல வந்து வாங்குனாத்தான அது ரெண்டாவது தடவ? நான் ஒன் வீட்டுக்கு வந்து குடுத்தா?"

பல்கீஸ் பேசுவதற்குள் மைமூனாவே முடிவைச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில வர்றேன் பல்கீஸு. நானே கொண்டாறேன்."

"எங்க வீட்டுக்கா?" என்றாள் பல்கீஸ். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "ஒங்களுக்கு எங்க வீடு தெரியாதேக்கா."

வண்ணாரப்பேட்டை. மண்ணடியிலிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். பல்கீஸ் அங்கே குடி வந்து பத்தொன்பது வருஷம்.

"சொல்லு," என்றாள் மைமூனா. "எப்படி வரணும்னு சொல்லு."

"ஸ்டேஷன்ல எறங்கி, மார்க்கெட்டுப் பக்கமா வந்து, தண்ணி டேங்குகிட்ட யாரயாச்சும் கேக்கணும்க்கா. சந்துக்குள்ள ஆட்டோ வராது. அப்புறம் ரெண்டு மாடி ஏறணும், படி செங்குத்தா இருக்கும், கைப்பிடி கெடையாது. ஒங்களுக்குக் கஷ்டம்க்கா."

"ஏறிக்குவேன்," என்றாள் மைமூனா.